இருபத்து நாலாவது பயம்

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் காட்டுப்பள்ளியின் இருபத்து மூன்று குழந்தைகளும் ஒரே நொடியில் தரையில் படுத்தார்கள்.

அப்போது அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்கூட இல்லை. பெரிய பிள்ளைகள் ஓடையில் காய்ந்த இலைகளை மிதக்கவிட்டு நீரின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள் நாவல் மரத்தடியில் நின்று பட்டையின் மேல் காகிதத்தை ஒட்டிக் கரித்துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பொடிசுகள் அங்கயற்கண்ணியோடு கறையான் புற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவள் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லியிருந்தாள். மீதியைச் சொல்வதற்குள் ஆறு குழந்தைகளும் வயிற்றை மண்ணோடு அழுத்திக் கிடந்தன. கண்கள் திறந்தே இருந்தன. யாரும் அழவில்லை. ஓடைப் பக்கமும் நாவல் மரத்துப் பக்கமும் திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நான்கு நிமிடம் அப்படியே கிடந்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். என்ன ஆயிற்று என்று நான்கு வயது அகரனிடம் கேட்டாள். தெரியவில்லை என்றான். பதினான்கு வயதுப் பெண்ணிடம் கேட்டாள். அவளும் அதையேதான் சொன்னாள், அதே குரலில்.

அங்கயற்கண்ணி பன்னிரண்டு வருடம் மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். இலையின் குறுக்குவெட்டைப் பிசகில்லாமல் வரையும் மாணவர்களுக்குக் கல்லூரி வாசலில் நிற்கும் மரம் எதுவென்று தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் வேலையை விட்டுவிட்டுத் தேனி மாவட்டத்து மலையில், கைவிடப்பட்ட ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் இந்தப் பள்ளியைத் தொடங்கினாள். சுவர் கிடையாது. மழைக்கு ஒரு தகரக் கொட்டகை, தங்குவதற்குப் பழைய தோட்டத்து வீடு. நான்கு வயது முதல் பதினைந்து வயதுவரை எல்லோரும் ஒன்றாகப் படித்தார்கள். முதல் இரண்டு வருடம் ஐந்து குழந்தைகளுக்கு மேல் சேரவில்லை. பெற்றோர் வந்து பார்ப்பார்கள், காற்று நன்றாக இருக்கிறது என்பார்கள், பாம்பைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் கேட்பார்கள், திரும்பிப் போய்விடுவார்கள்.

அப்போதுதான் சென்னையில் ஒரு புதிய நிறுவனத்திலிருந்து ஜோயல் தேவசகாயம் என்ற இளைஞன் வந்தான். அவன் கொண்டுவந்த கருவி ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் தோலோடு தோலாகிவிடும். உடம்புச் சூட்டிலேயே வேலை செய்யும். குழந்தைகளும் பிறகு அதைப் பொட்டு என்றே சொன்னார்கள்.

“பாம்பைப் பத்தின தகவல் எதுவும் இதுல போகாது மேடம்,” என்றான் ஜோயல். “ஒரு பிள்ளைக்குப் பக்குனு ஆச்சுன்னா, மத்த பிள்ளைகளுக்கும் அதே நேரத்துல பக்குனு ஆகும். அவ்வளவுதான். முன்னாடி போறவன் பாம்பைப் பாத்தா, பின்னாடி வர்றவன் கால் தானா நின்னுரும்.”

ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தால் எல்லோரையும் பயமுறுத்திவிட மாட்டானா என்று கேட்டாள். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. மரங்களில் கேமராக்கள் வைப்பார்கள். யாருடைய பயம் சரியாக இருந்தது, யாருடையது வெறும் மிரட்சி என்று கருவி போகப்போகக் கற்றுக்கொள்ளும். சரியாகப் பயப்படுகிறவரின் பயத்துக்கு மதிப்பு கூடும், மற்றவர்களுடையது மங்கிவிடும். பயம் போவதுபோலவே தைரியமும் போகும். ஒருவன் நடுங்கும்போது மற்றவர்கள் சாதாரணமாக இருந்தால் அவனுக்கும் நடுக்கம் அடங்கிவிடும்.

இதைக் குழந்தைகளுக்குப் புரியும்படி அங்கயற்கண்ணிதான் சொன்னாள். பொட்டு வைத்துக்கொண்டால் இனி யாரும் தனியாகப் பயப்பட வேண்டாம் என்றாள்.

அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. பெற்றோரின் தயக்கம் போயிற்று, பிள்ளைகள் இருபத்து மூன்றானார்கள். பெரிய பிள்ளைகளின் துணிச்சலில் சின்னவர்கள் இருட்டான சோலைக்குள் கூசாமல் நடந்தார்கள். பொட்டு வந்த இரண்டாம் வருடம் மழைக்காலம் முடிந்தபின் அவர்களுடைய திறமை திகைக்கவைத்தது. ஒருநாள் பாதையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவள் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. அரைமணி நேரம் கழித்து அந்தப் பாதையைச் சிறுத்தை ஒன்று கடந்ததைக் கேமரா காட்டியது. அந்தப் படத்தைப் பார்த்த பெற்றோர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

கூடவே வேறு சில மாற்றங்களும் வந்தன. குழந்தைகள் சத்தமே இல்லாமல் நடந்தார்கள். சாப்பிடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வட்டமாக வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அவள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். எல்லாத் தலைகளும் ஒரே கோணத்தில் லேசாகச் சாயும். பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவள் ‘கவனம் கூடியிருக்கிறது’ என்று குறிப்பிட்டாள். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நடந்ததை ஜோயலுக்குச் சொல்லி அனுப்பினாள். திங்கட்கிழமை நேரில் வந்து பதிவுகளைப் பார்ப்பதாகப் பதில் வந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாளாக இருந்தது.

பத்து மணி வாக்கில் கார்கள் வந்து கீழே நின்றன. கதவுகள் சாத்தப்படும் சத்தம் மேலே வரை கேட்டது. கொட்டகையில் குழந்தைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த அங்கயற்கண்ணி திரும்பிப் பார்த்தபோது முற்றத்தில் ஒருவரும் இல்லை. கரித்துண்டுகள் தரையில் கிடந்தன. ஓடுகிற சத்தமோ கிளை முறியும் சத்தமோ எதுவும் கேட்கவில்லை.

ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று பெற்றோர் முதலில் சிரித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தோட்டத்துக்குள் போனார்கள். கால்மணி நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நாற்பது பேர் நாற்பது பக்கமும் நின்று கூப்பிட்டும் ஒரு சத்தம்கூடத் திரும்பி வரவில்லை.

முதல் குழந்தையை அங்கயற்கண்ணிதான் கண்டாள். ஏழு வயது இளவெயினி. அவளுடைய அம்மா தமயந்தி உண்ணிச்செடிப் புதருக்கு அருகில் நின்று, “வெயினி, அம்மாடி, வெளிய வாடா,” என்று தொண்டை கம்மக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய புடவைத் தலைப்பு உரசிய அதே புதருக்குள், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இமைக்கவில்லை. மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளைப் பார்க்கும் பார்வையாக அது இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாகத் தெரிய ஆரம்பித்தது. வேரிடுக்கில் ஒருவன், பாறை நிழலில் இருவர், சருகுக் குவியலுக்குள் ஒருத்தி. எல்லோரும் அதுவரை பெற்றோர் நடந்துபோன பாதையை ஒட்டியேதான் இருந்திருக்கிறார்கள். அகரனின் அப்பா மகனைக் கண்டதும் பாய்ந்து வாரித் தூக்கினார். குழந்தை திமிறவில்லை. துணிபோலத் தொங்கினான். மார்பு மட்டும் சட்டைக்கு மேலேயே தெரியும்படி அடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. அவன் பயம் மற்ற எல்லோருக்கும் போயிருக்க வேண்டும். தோட்டம் முழுவதும் குழந்தைகள் அங்கங்கே சரிந்தார்கள்.

அங்கயற்கண்ணி ஓடி ஓடி ஒவ்வொரு காதிலிருந்தும் பொட்டைப் பிய்த்து எடுத்தாள். அகரனைத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். மற்றவர்களைப் பெற்றோர் அன்றே அழைத்துப் போனார்கள். கார் சன்னலுக்குள் தெரிந்த முகங்கள் எதுவும் அழவில்லை.

தமயந்தி மட்டும் போகவில்லை. காரில் ஏற்றப் பார்த்தபோது மகளின் கைகால்கள் விறைத்துக்கொண்டன. அவள் மகளைக் கீழே இறக்கிவிட்டு, பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பேசவில்லை, நெருங்கவும் இல்லை. பிள்ளையாக வரட்டும் என்று அசையாமல் காத்திருந்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஜோயல் வந்தான். பதிவுகளைத் திறந்து கடைசிவரை பார்த்தான். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினான். இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுக்கு மேலே, பெயரில்லாமல் வெறும் எண்ணாக இருபத்து நாலாவது ஒன்று இருந்தது.

“ஒரு பொட்டு தொலைஞ்சுபோச்சுன்னு போன ஜூன்ல புதுசு வாங்கினீங்கல்லா மேடம். அந்தப் பழைய பொட்டு தொலையல. அது யாரோ மேல இருக்கு. எட்டு மாசமா இந்தப் பிள்ளைக எல்லாம் அந்த ஒரு ஆளோட பயத்தைத்தான் பயந்திருக்கு. ஏன்னா அது ஒருதடவ கூடத் தப்பாப் பயப்படல.”

அந்தப் பொட்டு இளவெயினியுடையது. அங்கயற்கண்ணி முற்றத்துக்குப் போய், தமயந்திக்குப் பக்கத்தில் அவளைப் போலவே உட்கார்ந்தாள். ஜூன் மாதம் தோட்டத்துப் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மிளாக்குட்டி விழுந்திருந்தது. கடமானை அந்த மலையில் மிளா என்பார்கள். பலகையைச் சாய்த்து அது மேலே ஏறும்வரை, தொட்டியின் விளிம்பில் படுத்துக் கையை உள்ளே விட்டு அதைத் தடவிக்கொடுத்தவள் இளவெயினிதான். அதைப் பற்றிக் கேட்டாள். பிள்ளை அவர்கள் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

“அது உள்ள தனியா பயந்துச்சுக்கா,” என்றாள் இளவெயினி. “பொட்டு வெச்சா தனியா பயப்பட வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க.”

வியாழக்கிழமைக்கும் விளக்கம் கிடைத்தது. மலை முகட்டில் வேட்டைக்காரர்கள் சுட்டு அறுத்துப்போட்ட இரண்டு மிளாக்களின் மிச்சத்தை வனக்காவலர்கள் கண்டிருந்தார்கள். இரண்டும் பெட்டை. குட்டி அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. அதற்குப் பின் மனிதர்களின் வாடையும், வண்டிச் சத்தமும், கூப்பிடும் குரலும் குட்டிக்கு என்னவோ அதுவேதான் குழந்தைகளுக்கும் ஆகியிருந்தது.

“இப்ப அதுக்கு யாருமே இல்ல,” என்றாள் இளவெயினி. “எங்க எல்லாரு பொட்டையும் கழட்டிட்டீங்க. அதுக்கு நாங்க செத்துப்போன மாதிரி இருக்கும்.”

மறுநாள் காலை வெயில் ஏறியபின் அது வந்தது. வளர்ந்து மூன்றடி உயரம் இருந்தது. பட்டப்பகலில் மிளா வெட்டவெளிக்கு வராது. இது முற்றத்தின் ஓரம் வரை வந்து நின்றது. குழந்தைகள் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக மோந்தது. முன்காலால் தரையைத் தட்டித் தகரத்தில் அடித்ததுபோல ஒரு குரல் கொடுத்தது. பதிலுக்குக் காதைத் திருப்பிக் காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது. அன்று முழுவதும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இப்படி வெளியே திரிந்தால் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்காது என்று ஜோயலே சொன்னான். நாய் பிடிக்கும், இல்லாவிட்டால் துப்பாக்கி. பொட்டு தானாக நிற்காது, உடம்பில் சூடு உள்ளவரை ஓடும். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னான். மேலிடத்தில் அதைத் தொடவேண்டாம் என்கிறார்கள். இவ்வளவு துல்லியமான பயம் இதுவரை பதிவானதில்லையாம். இதை வைத்து எல்லாப் பள்ளிகளுக்கும் புதுப் பொட்டு செய்யலாமாம்.

அதைக் கிட்டே வரவைத்துப் பொட்டைக் கழற்ற, அங்கயற்கண்ணி கையை நீட்டித் தனக்கு ஒரு பொட்டு கேட்டாள்.

“அது உங்களப் பாத்துத்தான் பயப்படும் மேடம். அந்தப் பயம் அப்படியே உங்களுக்கும் வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அளவு இல்ல இது. இப்ப அந்தப் பக்கம் அது ஒண்ணு, இந்தப் பக்கம் நீங்க ஒண்ணு. நடுவுல பங்கு போட யாரும் இல்ல.”

“பிள்ளைகளுக்குக் கொடுக்கறப்ப நான் ஒருநாள்கூட ஒட்டிப் பாக்கல, ஜோயல். குடுங்க.”

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் காதுக்குப் பின்னால் பொட்டை ஒட்டிக்கொண்டு, மிளா போன திசையில் நடந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறுமை மட்டும் இருந்தது, நிறையப் பேர் குடியிருந்த வீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சியதுபோல. நூறடி போனபின் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. ஏதோ வருகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. நின்று சுற்றிலும் பார்த்தாள். நின்றதும் அது கொஞ்சம் அடங்கியது. நடந்தாள், மறுபடி வந்தது. மயிர்க்கால்கள் குத்திட்டன. சிறுத்தையாக இருக்கும் என்று மரங்களின் மேலெல்லாம் தேடினாள். பக்கத்தில் எங்கேயோ துணி உரசும் சத்தம் கேட்டது. சோப்பு வாடை அடித்தது. கனமான இரண்டு கால்கள் சருகை மிதித்து நெருங்கி வந்தன. ஓடிவிடத் தோன்றியது. ஓட ஓரடி வைத்தபோதுதான் அந்தக் கால்கள் தன்னுடையவை என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் பயந்தது குட்டிக்குப் போனது. குட்டியின் பயம் இரண்டு மடங்காகி அவளுக்குத் திரும்பியது. கண் இருண்டது. இப்படியே இன்னும் இரண்டு அடி வைத்தால் தானும் அகரனைப்போல விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது. அப்படியே உட்கார்ந்தாள். கைகள் கண்ணில் படாதபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

முன்னாலிருந்த பாறையில் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருந்தது. குழந்தைகளுக்கு முதல் நாள் அவள் தரும் பயிற்சி, ஒன்றை எடுத்துக்கொண்டு அது மட்டுமே மிஞ்சும்வரை பார்ப்பது. பாசியைப் பார்த்தாள். அதன் ஓரம் சுருண்டிருந்தது. நடுவில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் நீர் இருந்தது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. மார்பின் அடி நிதானமானது. எதிரிலிருந்து அந்த நிதானம் திரும்பி வந்தது. மிளா மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து, நாலு எட்டு வைத்தது. நின்றது. மறுபடி நாலு எட்டு.

வெயில் உச்சிக்கு வந்தபோது அது அவளுடைய தோளை மோந்துகொண்டிருந்தது. மூச்சு சுடச்சுடக் கழுத்தில் பட்டது. இடக்காதின் பின்னால், மயிர் வளர்ந்து மூடிய இடத்தில் பொட்டு தெரிந்தது. அவள் கையை வெளியே எடுத்தாள். ஐந்து விரல்களோடு அந்தக் கை தன் முகத்துக்கு முன்னால் எழுந்து வருவதைப் பார்த்தபோது அவளுக்கு அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டைப் பற்றி இழுத்தாள்.

எல்லாம் நின்றது. பயமும் இல்லை, கூட இருந்த அந்த இன்னொன்றும் இல்லை. மிளா ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு, எந்த மிளாவும் செய்வதுபோல, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவாகப் புதருக்குள் பாய்ந்து போய்விட்டது. அதன் பிறகு அது முற்றத்துக்கு வரவில்லை. விலங்கு கிடைக்கவில்லை, கருவி செயலிழந்துவிட்டது என்று ஜோயல் மேலிடத்துக்கு எழுதினான். சேர்ந்திருந்த பதிவுகளையும் அழித்துவிட்டான்.

அவள் தன் பொட்டையும் அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். ஓடையைத் தாண்டும்போது பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டது. நின்றாள், சத்தமும் நின்றது. வேகமாக நடந்தாள், அதுவும் வேகமாக வந்தது. பள்ளி முற்றத்துக்கு அவள் ஓட்டமாகத்தான் வந்து சேர்ந்தாள். பின்னால் யாரும் இல்லை என்றான் ஜோயல்.

குழந்தைகள் மெல்ல மெல்ல மீண்டார்கள். உடம்பு பயந்து கற்றதை மருந்தால் அழிக்க முடியாது, பயந்த பொருளுக்குப் பக்கத்திலேயே இருந்து ஒன்றும் ஆகவில்லை என்று தினமும் பார்த்தால்தான் மறக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தமயந்தி செய்ததை எல்லாப் பெற்றோரும் செய்தார்கள். ஒன்பதாம் நாள் இளவெயினி எழுந்து வந்து அம்மாவின் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள். அகரனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அங்கயற்கண்ணி கற்றது வேறு. தன்னிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார அவளுக்கு வழி இல்லை. கண்ணாடியைத் துண்டால் மூடிவைத்தாள். கை முகத்துக்கு நேராக வருவதால் சோற்றைக் கரண்டியால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். குளித்துவிட்டு வந்தால் தன் உடம்பின் சோப்பு வாடை அறைக்குள் யாரோ நிற்பதுபோலத் துரத்தியது. வீட்டுக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடப்பதற்குக்கூட வானொலியை உரக்க வைக்க வேண்டியிருந்தது. மதுரையில் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, மற்றது போகவில்லை.

ஜூன் மாதம் பொட்டு இல்லாமல் பள்ளியைத் திறப்பதாக எல்லோருக்கும் எழுதினாள். என்னென்ன ஆபத்து இருக்கிறது என்பதையும் எழுதினாள். நான்கு குழந்தைகள் வந்தார்கள். தமயந்தி இளவெயினியைக் கொண்டுவந்து விட்டபோது, பிள்ளைதான் போகவேண்டும் என்று நின்றதாகச் சொன்னாள்.

முதல் நாள் காலை சோலைக்குப் புறப்பட்டார்கள். குழந்தைகளை முன்னால் விட்டு அங்கயற்கண்ணி பின்னால் வந்தாள். மழை பெய்து சருகு ஊறியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அது சளக்கென்றது. வானொலி இல்லை, வாகனம் இல்லை, அந்தச் சத்தம் மட்டும் தொடர்ந்து வந்தது. இருபதடி தாக்குப்பிடித்தாள். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வேர்த்துக் கொட்டியது.

முன்னால் மூன்று பேர் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை. இளவெயினி மட்டும் எதற்கோ திரும்பிப் பார்த்தவள், அவளுடைய முகத்தைக் கண்டு ஓடி வந்தாள். அவள் கால்களையும் ஈரச் சருகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க முன்னாடி நடங்க,” என்றாள். “நாங்க பின்னாடி நல்லா மிதிச்சுக்கிட்டு வர்றோம். அப்ப உங்க சத்தம் உங்களுக்குக் கேக்காது.”

மற்ற மூவரையும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அங்கயற்கண்ணி மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். பின்னால் எட்டுக் கால்கள் சருகை மிதித்தன, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தாறுமாறாக, ஒருவன் குதித்து, ஒருத்தி காலைத் தேய்த்து. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரைச்சல் முதுகைத் தள்ளத் தள்ள, சோலைக்குள் போகும் பாதையில் ஏறினாள்.